அடகுக்குப் போன ஆரவாரம்

பேரரசுகள் வீழ்ந்த வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். கோட்டை எந்த நாளில் இடிந்தது, மன்னன் எந்த வாயில் வழியாக நகரை விட்டு வெளியேறினான் என்பனவற்றைச் சரித்திர நூல்கள் நமக்குச் சொல்லுகின்றன. ஆனால், கோட்டை இடிந்த நாளும் அரசு வீழ்ந்த நாளும் ஒன்றாக இருப்பது அரிது. கருவூலம் காலியான நாள் ஒன்று அதற்கு வெகு முன்னரே வந்து போயிருக்கும். அந்த நாளில் நகரத்தில் பெரும்பாலும் திருவிழா நடந்துகொண்டிருந்திருக்கும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேட, நாம் பழைய ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் வட்டாரத்தில், கம்பளித் துணி நெசவாலும் ஆயத்த ஆடைத் தொழிலாலும் பெயர் பெற்ற லீட்ஸ் என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரத்தின் கால்பந்தாட்டக் கழகமான லீட்ஸ் யுனைடெட், 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த பந்தயப் பருவத்தில், நாட்டின் தலையாய பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த நான்கு கழகங்களுள் ஒன்றாக நின்றது அது.

பந்து விளையாட்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். பந்து உருண்ட விதத்தை மட்டும் பேசுவதானால் அக்கேள்வி நியாயமானதே. நாம் பேச விழைவது வேறொன்று. ஓர் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுடையது என்று நம்பி வந்த ஒரு பொருளை, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த சிலர் எவ்வாறு அடகு வைத்தனர், அந்த அடகை இறுதியில் மீட்டவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

இறக்கம் என்னும் ஏற்பாடு

இங்கிலாந்தின் கால்பந்தாட்ட அமைப்பு ஏணியைப் போன்றது. உச்சியில் இருப்பது பிரீமியர் லீக் என்னும் முதற்பிரிவு. அதில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இருமுறை மோதுவதால் ஆளுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளிகள், சமநிலைக்கு 1, தோல்விக்கு எதுவுமில்லை. பருவ முடிவில் அட்டவணையின் அடியில் நிற்கும் மூன்று கழகங்கள் அடுத்த பிரிவுக்கு இறக்கப்படும். அங்கிருந்து மூன்று கழகங்கள் மேலே ஏறிவரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நீதி இருக்கிறது. எவ்வளவு பழம்பெருமை உடைய கழகமாயினும் தன் இடத்தை ஆண்டுதோறும் உழைத்துப் பெற வேண்டும். ஆனால், தொலைக்காட்சி உரிமைப் பணம் வெள்ளமாகப் பெருகிய காலத்தில், ஒரு படி இறங்குவது பெருமைக்கு மட்டும் நேர்ந்த இழப்பாக நிற்கவில்லை. வருமானத்தின் பெரும்பகுதி ஒரே கோடையில் அற்றுப்போகும். கையொப்பமிட்ட சம்பள ஒப்பந்தங்களோ அப்படியே நிற்கும். ஆகவே மேலே இருப்பவர் கீழே விழாதிருக்கவும், இன்னும் மேலே ஏறவும் தம் சக்திக்கு மீறிச் செலவு செய்யும் ஆசை பிறந்தது. லீட்ஸ் கழகத்தின் கதை அந்த ஆசையின் கதை.

கணக்கேட்டில் பிறந்த கழகம்

இக்கழகத்தின் பிறப்பே ஒரு கணக்கேட்டுத் தகராற்றின் விளைவு என்பது வியப்புக்குரியது. முதலில் அந்நகரில் இருந்தது லீட்ஸ் சிட்டி என்னும் கழகம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதிக்கு மாறாகப் பணம் கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக் குழு கணக்கேடுகளைக் கேட்டது. நிர்வாகிகள் கொடுக்கவில்லை. 1919 அக்டோபரில் அக்கழகம் லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. அதன் ஆட்டக்காரர்கள் நகரத்து மெட்ரபோல் ஹோட்டலில் ஏலம் விடப்பட்டனர். பந்துதைத்துப் பிழைத்த மனிதர்களை, தளவாடங்களை விற்பதுபோல் பிற கழகங்கள் விலை பேசி அழைத்துச் சென்றன.

அந்த அவமானத்திலிருந்து எழுந்ததுதான் லீட்ஸ் யுனைடெட். அதே ஆண்டில் நகரத்து மக்கள் கூடிப் புதிய கழகத்தை நிறுவினர். 1920இல் அது லீக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1961இல் பொறுப்பேற்ற டான் ரெவி என்னும் பயிற்சியாளரின் கீழ் அது பெருங்கழகமாயிற்று. 1969இலும் 1974இலும் லீக் வாகை, 1972இல் எஃப்.ஏ. கோப்பை. 1982இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி எட்டாண்டுகள் அங்கே கழித்து, 1990இல் மீண்டு வந்து, 1992இல் ஹோவர்ட் வில்கின்சனின் பயிற்சியில் மூன்றாம் முறையாக லீக் வாகை சூடியது. இறங்குவதும் ஏறுவதும் இக்கழகத்துக்குப் புதியவை அல்ல என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டின் வீழ்ச்சியைத் தனித்து நோக்க வைப்பது இறக்கம் அன்று. அது வந்த வழி.

ஏற்றத்தின் ஆண்டுகள்

1997இல் பீட்டர் ரிட்ஸ்டேல் கழகத்தின் தலைவரானார். 1998 அக்டோபரில் டேவிட் ஓ'லியரி பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பட்டறையில் வளர்ந்த இளைஞர் பலர் அப்போது முதல் அணிக்கு வந்து கொண்டிருந்தனர். ஹாரி கியூவெல், ஜொனாதன் உட்கேட், ஆலன் ஸ்மித், இயன் ஹார்ட், கோல்காப்பாளர் பால் ராபின்சன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 1999ஆம் ஆண்டில் நான்காம் இடம். 2000இல் மூன்றாம் இடம். மூன்றாம் இடத்தால் ஐரோப்பிய வாகையர் கோப்பைப் போட்டியில் நுழையும் உரிமை கிடைத்தது.

அங்கே லீட்ஸ் இளைஞர்கள் உலகத்தை வியக்க வைத்தனர். மிலான், பார்சிலோனா ஆகியவை இருந்த குழுவிலிருந்து மேலே சென்றனர். லாசியோவை ரோமாபுரியில் வென்றனர். காலிறுதியில் ஸ்பெயின் நாட்டு டிபோர்ட்டிவோ லா கொருனாவை வீழ்த்தினர். 2001 மே மாதத்தில் அரையிறுதியில் வலென்சியாவிடம் தோற்றனர். லீட்ஸ் நகரில் அந்த ஆண்டு திருவிழா.

ஆயினும் அந்த வெற்றிக்கு உரிய பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2000 நவம்பரில் வெஸ்ட் ஹாம் கழகத்திலிருந்து ரியோ பெர்டினாண்டு 1 கோடியே 80 இலட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டார். அந்நாளில் உலகிலேயே அதிக விலை பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் அவரே. மார்க் விடூக்கா, ஒலிவியே டாக்கூர், ராபி கீன் எனப் பலர் வந்தனர். ஓ'லியரி பொறுப்பில் இருந்த நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் ஆட்டக்காரர்களை வாங்க ஏறத்தாழ 10 கோடி பவுன் செலவாயிற்று. சில ஆட்டக்காரர்களைக் கழகம் நேராக வாங்கவும் இல்லை. நிதி நிறுவனம் ஒன்று பணம் கொடுத்தது. கழகம் தவணை முறையில் குத்தகைத் தொகை கட்டி வந்தது. ஆளும் குத்தகை, ஆட்டமும் குத்தகை என்ற நிலை.

பிறக்காத கன்றுக்குக் கயிறு

இனி நாம் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் நடுநாயகமான செய்தி.

2000–01 பருவத்தின் இறுதியில் லீட்ஸ் கழகம் நான்காம் இடத்தைப் பெற்றது. அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய வாகையர் போட்டிக்குச் செல்ல மூன்று கழகங்களுக்கே இடம் இருந்தது. மூன்றாவதாக வந்த லிவர்பூலுக்கு 69 புள்ளிகள்; லீட்ஸுக்கு 68. ஒரே ஒரு புள்ளி குறைந்ததால், எந்தப் போட்டியின் வருமானத்தை நம்பிச் செலவுகள் செய்யப்பட்டனவோ அந்தப் போட்டியின் கதவு அடைக்கப்பட்டது.

விவேகமுள்ள குடும்பத் தலைவன் அந்த வேளையில் என்ன செய்வான்? செலவைச் சுருக்குவான். லீட்ஸ் நிர்வாகம் அவ்வாறு செய்யவில்லை. 2001 செப்டம்பரில், கதவு அடைபட்ட பின்னர், 6 கோடி பவுன் கடன் வாங்கியது. அந்தக் கடனுக்குப் பிணையாக வைக்கப்பட்டது நிலமோ நகையோ அன்று. வரவிருக்கும் 25 ஆண்டுகளின் நுழைவுச் சீட்டு வசூல்.

அரபு மொழியில் அடகுக்கு 'ரஹ்ன்' என்று பெயர். அகராதி வல்லார் அச்சொல்லின் வேருக்கு இரு பொருள் கூறுவர். ஒன்று, நிலைத்து நிற்றல். மற்றொன்று, தடுத்து வைக்கப்படுதல். அடகுப் பொருள் கண்ணெதிரே நிலைத்து நிற்க வேண்டும். கடன் தீரும்வரை தடுத்து வைக்கப்பட வேண்டும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. லீட்ஸ் கழகம் வைத்த அடகில் நிலைத்து நின்றது எது? இன்னும் அச்சிடப்படாத சீட்டுகள். இன்னும் ஆடப்படாத ஆட்டங்கள். அந்தச் சீட்டுகளை வாங்கப்போகிறவர்களுள் சிலர் அன்று தொட்டிலில் கிடந்தனர். சிலர் பிறக்கவே இல்லை. தந்தை தன் மகனைக் கைபிடித்து எல்லண்ட் ரோடு மைதானத்துக்கு அழைத்து வருவான், அந்த மகன் தன் மகனை அழைத்து வருவான் என்னும் நம்பிக்கைதான் கடன் பத்திரத்தில் பிணையாக எழுதப்பட்டது. ஊராரின் பற்றுதல் அடகுக் கடைக்குப் போயிற்று.

இதைச் செய்தவர்கள் ஒளித்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. 1996இலேயே கழகம் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒரு நிறுவனத்தின் உடைமையாகிவிட்டது. அதன் ஆண்டறிக்கைகள் அச்சாயின. யாரும் வாங்கிப் படிக்கலாம். 1919இல் கணக்கேட்டை மறைத்ததால் ஒரு கழகம் அழிந்தது. 2001இல் கணக்கேடு திறந்தே கிடந்தது; படிப்பவர்தாம் குறைவு. மிலான் நகரத்து இரவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஊரில், வட்டிக் கணக்கைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? முடிவுகள் யாவும் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டவை என்று ரிட்ஸ்டேல் பிற்காலத்தில் கூறினார். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. தவறு ஒருவரோடு நின்றுவிடவில்லை என்பதையே அக்கூற்று காட்டுகிறது.

கடன் வாங்கிய கையோடு 2001 அக்டோபரில் டெர்பி கவுண்டியிலிருந்து சேத் ஜான்சனும், நவம்பரில் லிவர்பூலிலிருந்து 1 கோடியே 10 இலட்சம் பவுனுக்கு ராபி பௌலரும் வாங்கப்பட்டனர். 2002 ஜனவரி முதல் நாளில் லீட்ஸ் கழகம் அட்டவணையின் உச்சியில் நின்றது. பருவ முடிவில் ஐந்தாம் இடம். இம்முறை ஐரோப்பிய வாகையர் போட்டிக்கு இங்கிலாந்துக்கு நான்கு இடங்கள் இருந்தன. மூன்று இடங்கள் இருந்த ஆண்டில் நான்காவது. நான்கு இடங்கள் இருந்த ஆண்டில் ஐந்தாவது! இருமுறையும் ஒரே படி குறைவு. இதனை விதியின் விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால், ஒரு படி தவறினால் வீடே இடிந்துவிடும் என்னும்படி வீட்டைக் கட்டியது விதியன்று.

சந்தை விற்பனை

2002 ஜூனில் ஓ'லியரி நீக்கப்பட்டார்; டெரி வெனபிள்ஸ் வந்தார். அடுத்த மாதமே பெர்டினாண்டு, லீட்ஸ் மக்களின் தலைமுறைப் பகையான மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு ஏறத்தாழ 3 கோடி பவுனுக்கு விற்கப்பட்டார். ராபி கீன் டாட்டன்ஹாமுக்குச் சென்றார். 2003 ஜனவரியில் உட்கேட் 90 இலட்சம் பவுனுக்கு நியூகாசிலுக்கு விற்கப்பட்டபோது, பத்திரிகையாளர் கூட்டத்தில் தலைவரின் அருகில் அமர்ந்திருந்த வெனபிள்ஸின் முகத்தில் படர்ந்த வருத்தத்தை நாடே பார்த்தது.

அதே மாதத்தில் பௌலர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். வாங்கிய விலையில் ஒரு பகுதிக்கே விற்றதோடு, அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து கட்டவும் லீட்ஸ் கழகம் ஒப்புக்கொண்டது. வேறொரு கழகத்துக்காக ஆடுபவனுக்கு இவர்கள் கூலி கொடுத்தனர். பணமுடையில் இருப்பவன் விற்கும்போது விலையை முடிவு செய்பவன் வாங்குபவன்தான் என்பது எந்தச் சந்தைக்கும் பொதுவான நியதி. லீட்ஸின் நெருக்கடி ஊரறிந்த செய்தியான பிறகு அதன் ஆட்டக்காரர்களுக்கு நல்ல விலை கேட்பார் இல்லை.

2003 மார்ச்சில் வெனபிள்ஸ் நீக்கப்பட்டார். பீட்டர் ரீட் வந்தார். அம்மாத இறுதியில் ரிட்ஸ்டேலும் விலகினார். அப்போது கடன் ஏறத்தாழ 7 கோடியே 90 இலட்சம் பவுன். புதிய தலைவராக வந்த பொருளியல் பேராசிரியர் ஜான் மக்கென்சி செலவுகளை ஆராய்ந்தபோது, தலைவர் அறையில் இருந்த தங்கமீன் தொட்டிக்கு மாதம் 20 பவுன் வாடகை கட்டப்பட்டு வந்தது வெளியாயிற்று. பத்திரிகைகள் அந்த மீன்களைப் பிடித்துக்கொண்டன. இன்றளவும் லீட்ஸின் வீழ்ச்சி என்றால் பலருக்கு நினைவு வருவது அந்த மீன்தொட்டியே. ஆண்டுக்கு 240 பவுன்! 6 கோடி பவுன் கடனுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? தொட்டியில் கிடந்த மீன் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கடலில் கிடந்த மீனுக்கு விலை பேசிச் செலவழித்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சிறிய ஆடம்பரத்தைப் பழித்துவிட்டுப் பெரிய பிழையை மறந்துவிடுவது மனித இயல்பு போலும்.

அந்தப் பருவத்தில் லீட்ஸ் ஒருவாறு தப்பியது. 2003 மே 4ஆம் நாள் லண்டனில் ஆர்சனல் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்றது; விடூக்கா இறுதி நிமிடங்களில் வெற்றிக் கோலைப் போட்டார். அத்தோல்விக்குப் பிறகு ஆர்சனல் 49 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. இங்கிலாந்தின் வரலாற்றில் இடம்பெற்ற அந்தப் பெருஞ்சாதனைக்கு முன்னர் கடைசியாக ஆர்சனலை வீழ்த்தியது, முற்றும் சரிந்துகொண்டிருந்த லீட்ஸ் என்பதை எண்ணும்போது, இக்கழகத்திடம் திறமை இல்லாமற் போகவில்லை என்பது விளங்கும்.

வீழ்ச்சிப் பருவம்

2003 கோடையில் கியூவெல் லிவர்பூலுக்கு விற்கப்பட்டார். புதியவரை வாங்கப் பணம் இல்லை. ஆகவே பிற கழகங்களிலிருந்து, பெரும்பாலும் பிரான்சிலிருந்து, ஆட்டக்காரர்கள் இரவலாகக் கொண்டுவரப்பட்டனர். 2002இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் ஆடிய ரோக்கே ஜூனியரும் மிலானிலிருந்து இரவலாக வந்தார். ஒருவரையொருவர் அறியாத, ஊரின் குளிருக்கும் ஆட்டத்தின் வேகத்துக்கும் பழகாத அந்த அணி நிலைகுலைந்தது. லெஸ்டரிடம் 0–4, எவர்ட்டனிடம் 0–4, சொந்த மண்ணில் ஆர்சனலிடம் 1–4. நவம்பர் 8ஆம் நாள், அவ்வாண்டுதான் மேலே ஏறி வந்திருந்த போர்ட்ஸ்மவுத்திடம் 1–6. இரண்டு நாட்களில் ரீட் நீக்கப்பட்டார். ரெவியின் காலத்தில் அந்தச் சட்டையை அணிந்து ஆடிய எட்டி கிரே, பழைய பற்றுக் காரணமாகப் பொறுப்பை ஏற்றார்.

மைதானத்துக்கு வெளியே நடந்தது அதனினும் கடுமையானது. 2003 ஜூன் வரையிலான ஓராண்டில் 4 கோடியே 95 இலட்சம் பவுன் நட்டம் என்று கழகம் அறிவித்தது. இங்கிலாந்துக் கழகம் எதுவும் அதுவரை அவ்வளவு நட்டத்தைக் காட்டியதில்லை. கடன் கொடுத்தவர்களிடம் தவணை நீட்டிப்பு மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. 2004இன் தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் தம் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பின்னர் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தனர். மார்ச்சில் ஜெரால்டு கிராஸ்னர் தலைமையிலான யார்க்ஷயர் வணிகர் குழு ஒன்று கழகத்தை வாங்கியது. இவ்வளவு அமளிக்கு நடுவில் பந்தைத் துரத்திய இளைஞர்களை நாம் அதிகம் குறை சொல்லல் ஆகாது.

ஏப்ரலில் ஆர்சனல் மைதானத்தில் 0–5. தியரி ஹென்றி ஒருவரே நான்கு கோல் போட்டார். மே 2ஆம் நாள் போல்ட்டனில் விடூக்கா தண்டனை உதையில் கோல் போட்டு லீட்ஸை முன்னிலைப்படுத்தினார். பின்னர் அவரே நடுவரால் வெளியேற்றப்பட்டார். ஆட்டம் 1–4 என்று முடிந்தது. பதினான்கு ஆண்டு முதற்பிரிவு வாழ்க்கை அன்றோடு முடிவுற்றது.

இறுதிக் கணக்கு இதுதான்: 38 ஆட்டங்களில் 8 வெற்றி, 9 சமநிலை, 21 தோல்வி, போட்ட கோல்கள் 40, வாங்கியவை 79, புள்ளிகள் 33. அவ்வாண்டு இறங்கிய மூன்று கழகங்களான லெஸ்டர், லீட்ஸ், வூல்வர்ஹாம்டன் மூன்றுக்கும் அதே 33 புள்ளிகள். பதினேழாம் இடத்தில் தப்பிய எவர்ட்டனுக்கு 39. அதாவது, இரண்டே இரண்டு வெற்றிகளின் தூரம். அதே பருவத்தில் ஆர்சனல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடியது.

மே 8ஆம் நாள், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். சார்ல்ட்டனோடு 3–3 சமநிலை. ஆட்டம் முடிந்ததும் மக்கள் திடலுக்குள் புகுந்து, லீட்ஸ் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சென்றனர். சில வாரங்களில் ஸ்மித் 70 இலட்சம் பவுனுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். பதினாறு வயதில் கோல் போட்டு உலகத்தை வியக்க வைத்த லீட்ஸ் நகரத்துப் பிள்ளை ஜேம்ஸ் மில்னர் நியூகாசிலுக்குப் போனார். விடூக்கா, ராபின்சன், ஹார்ட் யாவரும் போயினர். 1919இல் மெட்ரபோல் ஹோட்டலில் ஏலம் ஒரே நாளில் முடிந்தது. இம்முறை அது இரண்டாண்டுகள் நடந்தது.

யார் கட்டினார்கள்?

வீழ்ச்சி அதோடு நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எல்லண்ட் ரோடு மைதானமும் தார்ப் ஆர்ச் பயிற்சி நிலையமும் விற்கப்பட்டன. சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நிலை வந்தது. 2007 மே மாதத்தில், ஏறத்தாழ 3 கோடியே 50 இலட்சம் பவுன் கடனோடு கழகம் நொடிப்பு நிர்வாகத்துக்குள் சென்றது. 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. தன் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்தாட்ட விதிப்படி, நொடித்த கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உரிய கடனை முழுமையாகக் கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, அதாவது உள்ளூர்க் கடைக்காரர்களுக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும் அரசின் வரித் துறைக்கும், மிச்சத்தில் கிடைக்கும் சொற்ப விகிதமே. கோடிகளில் சம்பளம் பேசியவனுக்கு முழுத்தொகை. பொருள் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனுக்குச் சில்லறை. கடனைக் கூடிப் பேசி எடுத்தவர்களுள் எவரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

நொடிப்பிலிருந்து உரிய முறையில் மீளவில்லை என்று அடுத்த பருவத்தைக் கழகம் 15 புள்ளிகள் குறைவாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 2007–08இல் அந்த அணி உழைத்து ஈட்டியது 91 புள்ளிகள்; கழிவு போகக் கையில் நின்றது 76. அந்தக் கழிவு இல்லையேல் இரண்டாம் இடம் பெற்று நேராக மேலே ஏறியிருக்கும். பழைய நிர்வாகம் போட்ட கையெழுத்துக்குப் புதிய ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்தினர். மூன்று பருவங்கள் மூன்றாம் பிரிவில் கழிந்தன. 2010இல் ஒரு படி ஏறினர். 2020இல், மார்சேலோ பியெல்சாவின் பயிற்சியில், பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் முதற்பிரிவுக்குத் திரும்பினர். அதுவும் கொள்ளைநோய்க் காலம். மைதானத்தில் மக்கள் இல்லை. பதினாறாண்டு காத்திருந்தவர்கள் வெற்றியை வாயிலுக்கு வெளியே நின்று கொண்டாடினர். 2023இல் மறுபடியும் இறங்கி, 2025இல் மறுபடியும் ஏறினர். விற்ற மைதானம் 2017இல்தான் மீட்கப்பட்டது.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அடகை மீட்டவர் யார்?

வீழ்ச்சி நடந்த 2003–04 பருவத்தில், அணி வாரந்தோறும் தோற்றுக்கொண்டிருந்தபோதும், எல்லண்ட் ரோட்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். மூன்றாம் பிரிவில், பெயர் கேள்விப்பட்டிராத சிற்றூர்க் கழகங்களோடு ஆடிய காலத்திலும் சராசரி 20 ஆயிரத்துக்கு மேல். ஐரோப்பியக் கோப்பை வருமானம் பொய்த்தது. ஆட்டக்காரர்களின் சந்தை விலை பொய்த்தது. பங்குப் பத்திரம் வெறுங்காகிதமாயிற்று. நிர்வாகம் எழுதிய எல்லாக் கணக்குகளிலும் பொய்க்காதது ஒன்றே ஒன்று. அது அவர்கள் அடகு வைத்த அந்த நுழைவுச் சீட்டு வசூல். அதாவது ஊராரின் பற்றுதல். கடன் கொடுத்தவர்கள் மிகச் சரியான பொருளைத்தான் பிணையாகக் கேட்டிருந்தனர். அதை வைத்தவர்கள்தாம், அது தம்முடையது அன்று என்பதை உணரவில்லை.

'அமானிதம்' என்றொரு சொல் நம் இல்லங்களில் வழங்குகிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. ஒப்படைத்தவன் ஏழையா செல்வனா என்பது அங்கே கேள்வி இல்லை. ஒப்படைக்கப்பட்டது திரும்பிச் சேருமா என்பதே கேள்வி. நூறாண்டுப் பழமையுடைய ஒரு கழகமும், ஊர்ப் பள்ளியும், கூட்டுறவுப் பண்டகசாலையும், நூல் நிலையமும் அவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றின் தலைவர் நாற்காலியில் அமர்பவர் அவற்றின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டம் அவரை உரிமையாளர் என்று எழுதினாலும் ஊர் அவ்வாறு எழுதுவதில்லை.

இதை இங்கிலாந்து நாடு காலம் தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டது. 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தாட்ட நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றி, கழகங்களின் நிதி நிலையைக் கண்காணிக்கத் தனி அதிகாரி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. சொந்த மைதானத்தை விற்பதற்கு அவ்வமைப்பின் ஒப்புதல் வேண்டும். முக்கியமான மாற்றங்களில் ஆதரவாளர்களைக் கலந்து பேச வேண்டும். லீட்ஸ் மட்டுமன்று, பின்னர் நொடித்த வேறு பல கழகங்களும் சேர்ந்து புகட்டிய பாடம் அது.

சட்டம் எவ்வளவு காக்கும் என்பதைக் காலம் சொல்லட்டும். ஆனால், எந்தச் சட்டமும் படிக்கப்படாத ஆண்டறிக்கையைத் தானே எழுந்து படித்துக் காட்டாது. லீட்ஸ் மக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது; 'நாலாவதாக வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற ஒன்றே. 2001ஆம் ஆண்டின் அந்தத் திருவிழா இரவுகளில் அதைக் கேட்பதற்கு எல்லாருக்கும் உரிமை இருந்தது. கேட்டவன் விழாவைக் கெடுக்க வந்தவன் என்று ஏசப்பட்டிருப்பான். ஏச்சுக்கு அஞ்சாமல் அதைக் கேட்கும் ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் வேண்டும்.